எருவை முதலில் சாப்பிடுவது யார்?



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. மாட்டின் விலை, கூட்டுப் பங்கு, இறைச்சியை எப்படிப் பிரிப்பது என்று பள்ளிவாசல்களில் பேச்சுத் தொடங்கிவிட்டது. அதோடு சேர்த்து இன்னொரு விடயத்தையும் இந்த வருடம் பேச வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

ஒவ்வொரு பெருநாளுக்குப் பிறகும் நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். இறைச்சி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடும். அறுத்த மாடுகளின் வயிற்றுச் சாணமும், அவற்றைக் கட்டியிருந்த இடத்துச் சாணமும் உரப்பைகளில் கட்டப்பட்டு வாய்க்கால் ஓரத்திலோ களப்புக் கரையிலோ போடப்படும். மூன்றாம் நாள் மூக்கைப் பொத்தாமல் அந்த வழியால் போக முடியாது. இலையான் மொய்க்கும், நாய்கள் பையைக் கிழித்து இழுக்கும்.

அதே ஊரில், அதே மாதத்தில், மரக்கறித் தோட்டம் செய்யும் நம் ஆட்கள் வெளியூரிலிருந்து லொறியில் வரும் பச்சைக் கோழி எருவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் பக்கத்துப் பட்டிகளில் சேரும் நல்ல மாட்டெருவோ வெளி மாவட்டத் தோட்டங்களுக்கு லொறி ஏறிப் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு. மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் சாணம் அதன் உயிர் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது. 200 கிலோ மாடென்றால் 20 கிலோ. ஓர் ஊரில் 50 மாடு அறுக்கப்பட்டால் ஒரு தொன். இதை நாம் வருடா வருடம் தண்ணீரில் விடுகிறோம்.

"எருவா? அந்தக் கதையை விடுங்க சேர். 2021ல பார்த்தோம்தானே" என்று நம் கமக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். அந்தப் பெரும்போகத்தில் வட்டைகளில் வேளாண்மை மஞ்சளித்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். நவம்பரில் தடை நீங்கியது. ஆனால் அந்தப் போகம் நட்டப்பட்டவர்களின் மனதில், சேதனப் பசளை என்றாலே ஏமாற்று என்ற எண்ணம் அப்படியே தங்கிவிட்டது.

அந்த வருடம் என்ன பிழைத்தது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போது நாங்கள் கரும்பலகையில் போடும் கணக்கு இது. 50 கிலோ யூரியா மூடையில் 46 சதவீதம் நைதரசன். அதாவது 23 கிலோ. காய்ந்த மாட்டெருவில் நைதரசன் ஏறத்தாழ 1 சதவீதம். அதே 23 கிலோவை எருவில் எடுக்க 2,300 கிலோ வேண்டும். ஒரு மூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் வீசிய இடத்துக்கு, மெசின் பெட்டியில் ஏற்றி இறக்க வேண்டும். அவ்வளவு எரு எந்த ஊரிலும் ஒரு போகத்துக்குள் சேராது. சேர்ந்தாலும், அதிலுள்ள நைதரசனில் பெரும்பகுதி அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது.

ஏன் கிடைக்காது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எருவைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யூரியா மண் ஈரத்தில் கரைந்து சில நாட்களில் வேருக்குப் போகிறது. எருவை வேர் அப்படியே உறிஞ்ச முடியாது. அதை முதலில் வேறு யாரோ சாப்பிட வேண்டும். சாப்பிட்டு, செரித்து, கழித்து, அந்தக் கழிவை இன்னொருவர் சாப்பிட்டு, அப்படிக் கை மாறி மாறித்தான் அது பயிருக்கு வந்து சேரும். எருவை முதலில் சாப்பிடுகிறவர்கள் மண்ணுக்குள் இருக்கும் பற்றீரியாவும் பங்கசும் முள்ளந்தண்டிலிகளும்.

முள்ளந்தண்டிலி என்றதும் பரீட்சைக்குப் பாடமாக்கிய சொல்லாகத் தோன்றும். எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் பிள்ளைகளோடு இதை மண்ணைத் தோண்டியே பார்க்கிறோம். 25 சென்ரிமீற்றர் சதுரத்தில், 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, வெள்ளைத் துணியில் கொட்டி, கையால் பிரித்துப் பார்ப்பது. செலவில்லாத வேலை. விளையாட்டுத் திடல் ஓரத்து மண்ணில் சில எறும்புகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் வராது. இரண்டு வருடமாகக் கூட்டெரு போட்ட பாத்தியின் மண்ணைக் கொட்டினால் துணி அசைகிறது. மண்புழு, மரவட்டை, மட்டத்தேள், சிலந்திக் குஞ்சுகள், பெயர் தெரியாத வண்டுகளின் புழுக்கள். கைவில்லையை வைத்துப் பார்த்தால் கடுகை விடச் சின்னதாக வெள்ளைப் பூச்சிகள் துள்ளும். அவற்றின் வயிற்றுக்கடியில் மடித்து வைத்த கவட்டுத் தண்டு ஒன்று இருக்கிறது. அதைத் தெறிக்க விட்டுத்தான் துள்ளுகின்றன. கொலம்போலா என்று பெயர். பங்கசைத் தின்று, மக்கும் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கூட்டம் அது. கண்ணுக்கே தெரியாத நெமற்றோடுகளும் அங்கே இருக்கின்றன. நெமற்றோடு என்றதும் கத்தரி வேரில் முடிச்சுப் போடும் கள்ளன் மட்டும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பற்றீரியாவைத் தின்று, அதிலிருந்த நைதரசனை வேருக்குக் கிடைக்கும் வடிவில் வெளியே விடும் நல்ல நெமற்றோடுகளும் ஏராளம்.

மண்புழுவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. டார்வினின் பெயரைக் கேட்டாலே நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த மனிதர் 1881இல் கடைசியாக வெளியிட்ட நூல் மண்புழுவைப் பற்றியது. சில இடங்களில் ஓர் ஏக்கரில் வருடத்துக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண், மண்புழுக்களின் உடலுக்குள் போய் மேலே வருகிறது என்று அவர் கணித்தார். கூலி இல்லாத உழவு.

எரு போட்டால் இந்த உயிர்கள் கூடுகின்றன என்பது எங்கள் பாத்தியில் மட்டும் கண்ட விடயமல்ல. இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843இல் தொடங்கிய வயல் பரிசோதனை இன்றும் நடக்கிறது. ஒரு துண்டுக்கு வருடா வருடம் ஹெக்டயருக்கு 35 தொன் மாட்டெரு. பக்கத்துத் துண்டுக்கு எதுவும் இல்லை. 1920களின் தொடக்கத்தில் இரண்டு துண்டுகளின் மண்ணிலும் உள்ள முள்ளந்தண்டிலிகளை எண்ணிப் பார்த்தார்கள். எரு போட்ட துண்டில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

அது கோதுமை வயல், குளிர் நாடு, நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு. நம்மைப் போலச் சோறு தின்னும் நாடு. 1996இல் வில்லியம் செற்றில் என்பவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு நெல் வயல்களைப் பற்றியது. வயலில் சேதனப் பொருள் கூடினால், போகத்தின் தொடக்கத்திலேயே மக்கும் பொருளைத் தின்னும் சின்னப் பூச்சிகள் பெருகுகின்றன. பயிருக்கு அவற்றால் எந்தக் கெடுதியும் இல்லை. ஆனால் அவற்றைத் தின்பதற்காகச் சிலந்திகளும் நீர்மேல் ஓடும் பூச்சிகளும் முன்கூட்டியே வயலில் குடியேறிவிடுகின்றன. பிறகு அறக்கொட்டி வரும்போது, அதைப் பிடித்துத் தின்னும் படை அங்கே தயாராக நிற்கிறது. நாம் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கத்திலேயே எண்ணெய் அடித்தால் முதலில் சாவது அந்தப் படைதான்.

இப்போது மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். "எரு இயற்கையானது, அதனால் எதுவும் செய்யாது" என்று நினைப்பதும் யூரியாவை மட்டும் நம்புவதைப் போலவே ஆபத்தானது. மண்ணுக்குள் இருக்கும் உயிர்களுக்கு எரு சாப்பாடு. பழுதான சாப்பாடு கொடுத்தால் அவை சாகும்.

முதலாவது, பச்சைக் கோழி எரு. கோழி சலத்தையும் மலத்தையும் ஒன்றாகவே கழிக்கிறது. அதிலுள்ள யூரிக்கமிலம் சிதைந்து அமோனியாவாகிறது. கோழிக் கூட்டுக்குள் போனால் கண் எரிவது அதனால்தான். நம் கண்ணையே எரிக்கும் ஒன்று, தோலால் சுவாசிக்கும் மண்புழுவுக்கு என்ன செய்யும்? மண்புழு மேலே வந்து நெளிந்து சாகும், அல்லது இடத்தை விட்டுப் போய்விடும். உப்பும் கூட. நம் கரையோர மணல் மண்ணில் அந்த உப்பைத் தாங்கிப் பிடிக்கக் களியும் இல்லை, மக்கிய பொருளும் இல்லை. ஊரில் ஒரு சகோதரர் மிளகாய்ப் பாத்திக்குப் பச்சைக் கோழி எருவைத் தடிப்பாகப் போட்டார். இரண்டு கிழமையில் கன்றுகளின் நுனி கருகிவிட்டது. இனி எருவையே தொடமாட்டேன் என்கிறார். எரு மக்குவதற்கு இரண்டு மூன்று மாதம் கொடுத்திருந்தால் அதே எரு அவருக்கு நல்ல விளைச்சலைக் கொடுத்திருக்கும். வேர்முடிச்சு நெமற்றோடைக் கோழி எருவின் அமோனியா குறைக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அமோனியாவுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது.

கோழித் தீனியில் செப்பும் நாகமும் சேர்க்கிறார்கள். கோழி எடுத்தது போக மீதி எருவில் வருகிறது. ஒரே நிலத்துக்கு வருடக் கணக்கில் கோழி எருவை மட்டுமே கொட்டினால் அந்த உலோகங்கள் மண்ணிலேயே தங்கும். செப்பு கூடிய மண்ணில் மண்புழு வாழாது. ஆகவே மாட்டெரு, இலைகுழை, வைக்கோல் என்று மாற்றி மாற்றிப் போடுவதே நல்லது.

இரண்டாவது, நம்மில் அதிகம் பேர் கேள்விப்படாத விடயம். மாட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்து. ஐவர்மெக்டின் என்ற மருந்தைப் பட்டிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். மனிதருக்கும் மிருகத்துக்கும் பெரிய நன்மை செய்த மருந்து. அதைத் தந்த வில்லியம் கெம்பலும் சத்தோஷி ஒமுராவும் 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் ஊசி போட்ட மாட்டின் உடலிலிருந்து அந்த மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடுதான் வெளியேறுகிறது. வெளியே வந்த பிறகும் அது பூச்சிகளைக் கொல்லும் மருந்துதான். சாணத்தில் முட்டையிடும் சாணி வண்டுகளின் குஞ்சுகள் அதில் வளர முடிவதில்லை.

1987இல் பிரிட்டனில் வோல், ஸ்ரோங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். மருந்து கொடுக்காத கன்றுகளின் சாணம் 100 நாளில் பெரும்பாலும் மக்கிப் போயிருந்தது. மருந்து கொடுத்த கன்றுகளின் சாணம் போட்டது போட்டபடி கிடந்தது. சாப்பிட ஆள் இல்லை.

சாணி வண்டு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியா சாட்சி. அந்த நாட்டில் முன்பு மாடுகளே இருக்கவில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த மாடுகளின் சாணத்தைக் கையாளத் தெரிந்த வண்டுகள் அங்கே போதிய அளவு இல்லை. சாணம் புல்லை மூடிக் காய்ந்து கிடந்தது, இலையான் பெருகியது. கடைசியில் 1960களிலிருந்து ஜோர்ஜ் போர்னமிசா என்ற விஞ்ஞானியின் முயற்சியால் ஆபிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் 40க்கும் மேற்பட்ட சாணி வண்டு இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நமக்கு அல்லாஹ் அந்த வண்டுகளைச் சும்மா தந்திருக்கிறான். மேய்ச்சல் தரையில் மாடு சாணம் போட்ட சில நிமிடத்தில் பறந்து வந்து, உருட்டியும் தோண்டியும் மண்ணுக்குள் இறக்கிவிடுகின்றன. நம் சிறு பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மூன்றாவது, தென்னை உள்ள எல்லோரும் கவனிக்க வேண்டியது. எருக் குவியல் நல்ல உயிர்களுக்கு மட்டும் வீடு அல்ல. தென்னங் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மாட்டெருக் குவியலிலும் உக்கிய தென்னங்குற்றியிலும்தான். மாதக் கணக்கில் புரட்டாமல் விட்ட குவியலைக் கிளறினால் கட்டைவிரல் தடிப்பில், வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைக் காணலாம். அவைதான் நாளைக்குக் குருத்தில் ஏறுகிறவை. அதற்காகக் குவியலே வேண்டாம் என்று முடிவெடுக்கத் தேவையில்லை. குவியலைக் கிழமைக் கணக்கில் புரட்டினால் போதும். புரட்டும்போது புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம்.

இனிப் பெருநாளுக்கு வருவோம். இந்த வருடப் பெருநாளுக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடையில் மூன்று நான்கு மாதம் இருக்கிறது. சாணம் நல்ல கூட்டெருவாக மாற அது போதுமான காலம். மஹல்லாவுக்கு ஒரு குவியல் போதும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

1. இடத்தை முன்கூட்டியே தெரிவு செய்ய வேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். நம் கரையோரத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். ஆகவே சாணத்தைக் குழியில் போடாமல் நிலத்துக்கு மேலே குவியலாகப் போடுவதே நல்லது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பிரதேச சபையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் பிறகு பிரச்சினை வராது.

2. சாணம் வேறு, மற்றக் கழிவு வேறு. குவியலுக்கு வர வேண்டியது வயிற்றுச் சாணமும் கட்டுமிடத்துச் சாணமும் மாடு தின்று மிஞ்சிய வைக்கோலும் மட்டும். இரத்தமும் குடலும் தோலும் வந்தால் நாயும் இலையானும் நாற்றமும் கூடவே வரும். அவற்றைச் சொல்லப்பட்ட இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

3. ஒரு படை வைக்கோல் அல்லது காய்ந்த இலை, அதன் மேல் ஒரு படை சாணம், அதன் மேல் ஒரு கை பழைய எரு அல்லது தோட்டத்து மண். இப்படி இடுப்பளவுக்கு. பிழிந்த துணியைப் போல ஈரம் இருந்தால் போதும். மேலே கிடுகு அல்லது பழைய படங்கு. இரண்டு மூன்று நாளில் குவியல் உள்ளே சூடேறும். கையை வைக்க முடியாத அந்தச் சூடுதான் களை விதையையும் நோய்க் கிருமியையும் கொல்லுகிறது. சூடு தணிந்த பிறகு மண்புழுவும் மற்றவர்களும் தாங்களாகவே வந்து சேருவார்கள்.

4. இரண்டு கிழமைக்கு ஒரு முறை புரட்ட வேண்டும்.

5. மாடு வாங்கும்போது, பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது என்று பட்டிக்காரரிடம் கேட்க வேண்டும். இது மண்ணுக்காக மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் போக வேண்டும், பிறகுதான் இறைச்சி சாப்பிடலாம் என்று அந்த மருந்துப் போத்தலிலேயே எழுதியிருக்கும். அண்மையில் மருந்து கொடுத்த மாடென்றால் அறுப்பதையும் யோசிக்க வேண்டும், அதன் சாணத்தையும் தனியாக வைத்துக் கூடுதல் காலம் மக்க விட வேண்டும். வெயிலிலும் காற்றிலும் மண்ணோடு கலந்தும் இருந்தால் அந்த மருந்து வேகமாகச் சிதையும்.

இப்படித் தயாரித்த எரு யூரியாவின் வேலையை இந்தப் போகமே செய்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித்தான் 2021இல் கமக்காரர்களின் வயிற்றில் அடித்தார்கள். வயலுக்கு விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவில் பசளையைப் போடுங்கள். கூடவே வருடா வருடம் கொஞ்சம் மக்கிய எருவும் வைக்கோலும் சேர்த்து வாருங்கள். மண் தண்ணீரைப் பிடிக்கத் தொடங்கும், அதற்குள் உயிர் கூடும், பசளை வீணாகக் கழுவுப்பட்டுப் போவது குறையும். மண்ணுக்குள் ஆட்கள் பெருகப் பெருக மூடையின் எண்ணிக்கையை ஆறுதலாகக் குறைத்துப் பார்க்கலாம். அந்த வேலைக்கு வர்த்தமானி தேவையில்லை. காலம்தான் தேவை.

மார்க்கத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். எறும்பின் பெயரால் ஒரு ஸூராவே இருக்கிறது. நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழியை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அல்லாஹ்வுக்காக அறுத்த ஒரு பிராணியின் இறைச்சியை ஏழைக்குக் கொடுத்துவிட்டு, அதன் சாணத்தால் இன்னொருவர் குளிக்கும் வாய்க்காலைப் பாழாக்குவது எப்படிப் பொருந்தும்? சாணம் நஜீஸ்தான். உடுப்பில் பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழ வேண்டும். அதற்காக அது குப்பையாகிவிடாது. அதை உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான படைப்புகள் நம் காலடியில் காத்திருக்கின்றன.

எங்கள் பாடசாலைத் தோட்டத்தின் பின்பக்கத்தில் இரண்டு குவியலுக்கு இடம் கொடுக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். தரம் 10, 11 விவசாயப் பாடப் பிள்ளைகள் புரட்டும் வேலையைப் பொறுப்பெடுக்கிறார்கள். வைக்கோல் தரக்கூடியவர்களும், பெருநாளன்று சாணத்தை ஏற்றி இறக்க ஒரு மெசின் பெட்டி தரக்கூடியவர்களும் முன்கூட்டியே சொன்னால் உதவியாக இருக்கும். மற்ற மஹல்லாக்களும் தங்கள் இடத்திலேயே செய்வதாக இருந்தால், முதல் குவியலைக் கட்டிக் காட்ட நாங்கள் பிள்ளைகளோடு வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

எரு தயாரானதும் கேட்பவர்களுக்குப் பிரித்துக் கொடுப்போம். வீட்டுத் தோட்டம் செய்யும் பெண்களுக்கு முதலில். கோழி எருவில் மிளகாயை இழந்த அந்தச் சகோதரருக்கும் இரண்டு பை ஒதுக்கி வைக்கிறோம்.

வஸ்ஸலாம்.